பங்களாதேஷ் சட்டை மெட்ராஸ் ஹார்பர்ல இறங்கக்கூடாதாம், அப்ப பக்கத்து நாட்டு ஒப்பந்தம்லாம் எதுக்கு?

ரெண்டு_ஷட்டர்_கடை:

வணக்கம் மக்களே. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ரெடிமேட் கடை வெச்சிருக்கேன், பெரிய ஷோரூம்லாம் இல்ல, ரெண்டு ஷட்டர் தான். ஜென்ட்ஸ் சட்டை, ஜீன்ஸ், பசங்க டிரஸ். இதுல கொஞ்சம் சரக்கு கல்கத்தா பார்ட்டி ஒருத்தர்கிட்ட எடுப்பேன், அது பங்களாதேஷ்ல தெச்சது. காலர் உள்பக்கம் குட்டியா மேட் இன் பங்களாதேஷ்னு போட்டிருக்கும், கஸ்டமர் எவனும் அத பாக்கறதில்ல, துணிய கசக்கி பாப்பான், பட்டன இழுத்து பாப்பான், அப்புறம் நம்ம சொல்ற விலைல பாதிய கேப்பான், அவ்ளோதான்.

2025 மே மாசத்துல இருந்து ரோதனை. பங்களாதேஷ் ரெடிமேட் லாரில பார்டர் தாண்டி வரவே கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. கப்பல்ல தான் வரணும், அதுவும் கல்கத்தா, இல்லன்னா மும்பை பக்கம் நவசேவா, இந்த ரெண்டு போர்ட் மட்டும் தான். கல்கத்தா பார்ட்டி அன்னிக்கே போன் பண்ணி பீஸுக்கு இவ்ளோ ஏறும்னு சொல்லிட்டாரு. ராத்திரி கடைய சாத்திட்டு வீட்டு மொட்டமாடி ஏறுனா எனக்கு ஹார்பர் கிரேன் லைட்டு தெரியுது. அங்க இறக்க முடியாத சட்டைய கல்கத்தாவுல இறக்கி, 1,600 கிலோமீட்டருக்கு மேல லாரில ஏத்தி என் கடைக்கு கொண்டாரணும்னா எங்க போய் சொல்றது.

அக்கா பொண்ணு பி.காம் படிக்குது, அது சொல்லுது மாமா சாஃப்டான்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, பக்கத்து நாடுங்களுக்குள்ள வரி கம்மி, பங்களாதேஷ் துணிக்கு கஸ்டம்ஸ் வரியே ஜீரோன்னு. வரி ஜீரோன்னா கேட்டு ஏன் பூட்டியிருக்கு? ஐரோப்பால லாரிக்காரன் பிரேக்கே போடாம நாடு விட்டு நாடு போறான்றாங்க, நமக்கு மட்டும் ஏன் இந்த கதை? அப்படியே எல்லாம் தொறந்துட்டா நம்மள மாதிரி ஆளுக்கு நல்லதா கெட்டதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அரசியல் சண்டை வேணாம் ப்ளீஸ்.

தம்புசெட்டி_தெரு_ஆளு:

அண்ணே, நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல 19 வருஷமா குப்ப கொட்டறேன், அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

உங்க அக்கா பொண்ணு சொன்னது கரெக்ட். சாஃப்டா 2004 ஜனவரில இஸ்லாமாபாத்ல கையெழுத்தாச்சு, 2006ல அமலுக்கு வந்துச்சு. 2011 நவம்பர்ல இந்தியா இன்னும் ஒரு படி போய், பங்களாதேஷ் மாதிரி பின்தங்கின நாடுங்களுக்கு 25 ஐட்டம் தவிர மத்த எல்லாத்துக்கும் வரிய எடுத்துருச்சு, அந்த 25ம் சாராயம், சிகரெட்டு, புகையிலை வகையறா. அதனால சட்டைக்கு அடிப்படை கஸ்டம்ஸ் டூட்டி கிடையாது, இறக்குமதிக்கு போடற ஜிஎஸ்டி (ஐஜிஎஸ்டி) மட்டும் கட்டணும். ஆனா வரி வேற, வழி வேற. எந்த போர்ட்ல எது இறங்கலாம்னு சொல்றது டிஜிஎஃப்டி, வெளிநாட்டு வர்த்தகத்த பாக்கற மத்திய அரசு ஆபீஸ். ஒப்பந்தத்துல ஒரு எழுத்து கூட மாத்தாம நோட்டிஃபிகேஷன் ஒண்ணு போட்டா போதும், வரி ஜீரோவாவே இருக்கும், சரக்கு தான் வராது. என்னை கேட்டா ஜீரோ டூட்டின்னு பேப்பர்ல பாத்து ஏமாறாதீங்கன்னு தான் சொல்வேன், கேட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

ஏன் போட்டாங்கன்னா 2025 ஏப்ரல் பூரா சண்டை தான். பங்களாதேஷ் சரக்கு நம்ம ஏர்போர்ட், போர்ட் வழியா மூணாவது நாட்டுக்கு போற வசதிய ஏப்ரல் 8ம் தேதி இந்தியா எடுத்துருச்சு, அவங்க ஒரு வாரத்துக்குள்ள இந்திய நூல் தரைவழியா வரக்கூடாதுன்னாங்க, மே 17 நம்ம ஆளுங்க ரெடிமேட்ல கை வெச்சாங்க. யாரு மொதல்ல ஆரம்பிச்சதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு தேதி சொல்வான்.

சண்டையே இல்லாத நாட்டு கதையும் சொல்றேன் கேளுங்க. இலங்கையோட நமக்கு தனி ஒப்பந்தமே இருக்கு, 1998 டிசம்பர்ல போட்டது, 2000 மார்ச் 1ல இருந்து ஓடுது. கொழும்புல இருந்து ஒரு பார்ட்டிக்கு கிராம்பு வந்துச்சு, சின்ன பார்ட்டி, மண்ணடில கடை. கப்பல் ரெண்டே நாள்ல வந்துருச்சு. சலுகை வேணும்னா அந்த நாட்டு வர்த்தகத் துறை குடுக்கற சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் வேணும், அது இருந்துச்சு. ஆனா அதுல போட்ட கையெழுத்து இங்க ஃபைல்ல இருக்கற மாதிரி கையெழுத்தோட ஒத்து வரலன்னு நிறுத்திட்டாங்க. பாண்டு போட்டு பேங்க் கேரண்டி குடுத்து சரக்க எடுக்கலாம் தான், ஆனா அவர்கிட்ட அவ்ளோ பணம் ஏது. கன்டெய்னர் வெக்கற யார்டுல (சிஎஃப்எஸ்) இட வாடகை ஒரு பக்கம், பெட்டிய லேட்டா திருப்புறதுக்கு கப்பல் கம்பெனிக்காரன் போடற டிடென்ஷன் ஒரு பக்கம். 17 நாள். சரக்க வெளிய எடுக்கறப்ப சலுகைல மிச்சமான காசு பூரா வாடகைக்கே போயிருச்சு. கன்டெய்னர் கதவ தொறந்தப்ப வந்த கிராம்பு வாசனை எனக்கு இன்னும் மறக்கல, அந்த மனுஷன் மூஞ்சியும் மறக்கல.

2020 செப்டம்பர்ல இருந்து காரோட்டார்னு புது ரூல் வேற வந்துருக்கு. சர்டிபிகேட் மட்டும் பத்தாது, சரக்கு நெசமாவே அந்த நாட்டுல தான் ஆச்சுன்றதுக்கு விவரம் இறக்குமதி பண்றவன் கைல வெச்சிருக்கணும். பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கு, மண்ணடி கடைக்காரர் எங்க போவாரு?

பின்னலாடை_பங்காளி:

நான் பொறந்தது தண்டையார்பேட்டை, இப்ப திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் நடத்தறேன், 32 மிஷின். கடைக்கார அண்ணே கோச்சுக்காதீங்க, உங்க மார்ஜின பத்தி மட்டும் பேசறீங்க, எங்க பக்கம் ஒரு வார்த்த சொல்லல.

மத்த நாட்டு ரெடிமேடுக்கு 2018ல டூட்டிய 20 சதவீதமா ஏத்துனாங்க, ஆனா பங்களாதேஷுக்கு ஜீரோ. அதுவும் போகட்டும், ஏழை நாடு, பக்கத்து நாடுன்னு விட்டுக்குடுக்கலாம். ஆனா அந்த சட்டை துணி எங்கேர்ந்து வருது? சீனால இருந்து துணிய எடுத்து, அங்க வெட்டி தெச்சு, விலைல 30 சதவீதம் அங்கயே சேந்த மதிப்பு (வேல்யூ அடிஷன்)னு கணக்கு காட்டிட்டா போதும், ஜீரோ டூட்டில உள்ள வந்துரும். சீனா துணி நேரா மெட்ராஸ் வந்தா வரி கட்டணும், டாக்கா சுத்தி சட்டையா வந்தா கட்ட வேணாம். இதுக்கு பேரு பக்கத்து வீட்டு உறவா?

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதையும் நானே சொல்லிடறேன். எங்க பக்கத்துலயே ஸ்பின்னிங் மில்காரங்களுக்கு பங்களாதேஷ் தான் சாமி. கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கம் நூத்த நூல் அங்க தான் எக்கச்சக்கமா போகுது. அவங்க பார்டர்ல நூல நிறுத்துனப்ப மில்காரர் அழுதாரு, நாம சட்டைய நிறுத்துனப்ப நான் கை தட்டுனேன், ரெண்டு பேரும் ஒரே டீக்கடைல தான் உக்காந்திருந்தோம். அப்பால 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டான், பங்களாதேஷுக்கு 20 தான், அன்னிக்கு என் முறை அழுகறதுக்கு. ரெண்டு வாரம் 32 மிஷின்ல 11 தான் ஓடுச்சு.

அதனால தொறந்து விடுங்கன்னு சும்மா சொல்லாதீங்க. தொறந்தா எவனுக்கு வேலை போகுதோ அவனுக்கு என்ன வழின்னு சொல்லிட்டு தொறங்க.

ரெண்டு_ஷட்டர்_கடை:

பங்காளி, நீங்க சொல்றது புரியுது. ஆனா டீசர்ட்டு, பனியன் உங்ககிட்ட வாங்கலாம், ஜீன்ஸுக்கு நான் எங்க போறது? பல்லாரி சரக்கு எடுத்து பாத்தேன், எங்க ஏரியா பசங்க கேக்கற ஃபிட்டு வரல.

பஜார்_பெரியவர்:

இன்னா நைனா, எல்லாரும் ஒப்பந்தம் ஒப்பந்தம்னு பேசிகினு கீறீங்கோ. ஒப்பந்தமே இல்லாத காலத்துல நாங்க இன்டர்நேஷனல் டிரேடு பண்ணோம் பா, அது பேரு குருவி.

கொழும்புல 1977ல கேட்ட தொறந்து வுட்டாங்கோ, ஜப்பான் டேப் ரெக்கார்டர், சென்ட்டு, நைலக்ஸ் புடவை இன்னா வேணும் உனுக்கு, எல்லாம் அங்க கெடச்சுது. நம்மூர்ல அப்போ எல்லாத்துக்கும் லைசென்ஸு, ஒரு நல்ல டேப் ரெக்கார்டர் வாங்க முடியாது. குருவிங்க இங்கேர்ந்து லுங்கி, பருத்தி புடவை எட்த்துகினு போவாங்கோ, அங்கேர்ந்து பொருளோட வருவாங்கோ. மேல ரெண்டு பேன்ட்டு மூணு சட்டை போட்டுகினு, மே மாச வெயில்ல வேர்த்து ஊத்திகினு மீனம்பாக்கத்துல எறங்குவான், ஆபீசர் பாத்து சிரிப்பான். பர்மா பஜார்ல மறுநாளே எல்லாம் தொங்கும். 91க்கு அப்பால இங்கியே எல்லாம் கெடைக்க ஆரம்பிச்சிச்சு, குருவி வியாபாரம் டல்லடிச்சுது. கேட்டு பூட்டியிருந்ததால தான பா எங்களுக்கு சோறு, தொறந்தா கொறஞ்சுது, இத்த எவனும் எந்த புக்குலயும் எழுதல.

அதுக்கும் முன்னாடி எழும்பூர்ல போட் மெயில் ஏறுனா தனுஷ்கோடி, அங்கேர்ந்து கப்பல்ல தலைமன்னார், அப்பால ரயில்ல கொழும்பு, எங்க நைனா போயிருக்காரு. 64 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே பூட்ச்சு. இப்போ 2023ல நாகப்பட்டினத்துலேர்ந்து காங்கேசன்துறைக்கு கப்பல் வுட்டாங்கோ, வுட்டாங்கோ நிறுத்துனாங்கோ, திரியும் வுட்டாங்கோ.

எங்க குடும்பம் ரங்கூன்ல கடை வெச்சிருந்த குடும்பம். 60ங்கள்ல அங்க மிலிட்டரிக்காரன் கடைய எல்லாம் சர்க்கார் எட்த்துக்கிச்சுன்னு சொல்லி தொரத்திட்டான், கட்டுன துணியோட கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தோம். இன்னிக்கு அதே ரங்கூன்லேர்ந்து அதே ஹார்பருக்கு உளுந்து மூட்டை வந்துகினே கீது. நீ காலைல துன்ற இட்லி பர்மா உளுந்தா கூட இருக்கும். பருப்பு யாவாரி ஒருத்தர் தெரியும், டெய்லி காலைல போன்ல சாதா ரகம் எஃப்ஏக்யூ இவ்ளோ டாலர், ஒசந்த ரகம் எஸ்க்யூ இவ்ளோ டாலர்னு மெட்ராஸ் ரேட்டு கேட்டுகினு இருப்பாரு. சாஃப்டா போட்ட தெற்காசிய நாடுங்க கூட்டம் கீதே, சார்க்கு, பர்மா அதுலயே இல்ல, அப்பவும் 2021ல கவர்மென்ட்டும் கவர்மென்ட்டும் பேசி வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் தொவரைன்னு எழுதிகினாங்கோ. அந்த ஊர்ல மறுபடியும் மிலிட்டரி, சண்டை, எல்லாம் தான் கீது. உளுந்துக்கு எவனும் கேட்ட சாத்தல. ஏன்னா நம்மளுக்கு இட்லி வோணும். சட்டைக்கு சாத்துவான், ஏன்னா சட்டை திருப்பூர்லயும் கெடைக்குது.

ராயபுரம்_எகனாமிக்ஸ்:

பெரியவர் ரெண்டு வரில சொன்னத நான் காலேஜ்ல ஒரு செமஸ்டர் எடுத்துட்டு இருக்கேன், கொஞ்சம் கூச்சமா இருக்கு.

ஐரோப்பாவ பத்தி கேட்டீங்க. அவங்க மொதல்ல பார்டர தொறக்கல. 1951ல ஆறு நாடு சேந்து நிலக்கரி, இரும்பு இந்த ரெண்ட மட்டும் பொதுவுல வெச்சாங்க, அப்போ தான் ஒருத்தன ஒருத்தன் குண்டு போட்டு அடிச்சு முடிச்சு ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி மூணும் கிட்டத்தட்ட சம பலம், ஒருத்தன் இன்னொருத்தன முழுங்க முடியாது. நம்ம ஏரியாவுல அப்படி இல்ல. தெற்காசியா மொத்த பொருளாதாரத்துல நாலுல மூணு பங்குக்கு மேல இந்தியா. மேப்ப பாருங்க, நேபாளம், பூடான், பங்களாதேஷ் எல்லாத்துக்கும் நடுவுல நாம தான் உக்காந்திருக்கோம், அவங்களுக்குள்ள போகணும்னாலும் நம்ம வாசல தாண்டி தான் போகணும். வாங்குறத விட நாம அவங்களுக்கு விக்கிறது ரொம்ப அதிகம். அப்ப தொறந்து விடுன்னு நாம சொன்னா அவங்க காதுல அது வேற மாதிரி தான் விழும். இலங்கைல 1998 ஒப்பந்தத்த விரிவாக்கணும்னு பேச்சு எழும்போதெல்லாம் அங்க டாக்டர்ல இருந்து எஞ்சினியர் வரைக்கும் இந்திய ஆளுங்க வந்து வேலைய புடுங்கிடுவாங்கன்னு எதிர்ப்பு கெளம்பிரும்.

சார்க் நாடுங்க மொத்த வியாபாரத்துல தங்களுக்குள்ள பண்றது சுமார் 5 சதவீதம் தான், தென்கிழக்காசிய நாடுங்களோட ஆசியான்ல அது கிட்டத்தட்ட கால்வாசி. உலக வங்கி 2021ல ஒரு அறிக்கை விட்டுச்சு, இந்திய கம்பெனி ஒண்ணு பங்களாதேஷோட வியாபாரம் பண்றத விட பிரேசிலோடவோ ஜெர்மனியோடவோ பண்றது 15ல இருந்து 20 சதவீதம் மலிவாம். வரி மட்டும் காரணம் இல்ல, வழியும் தான். மேற்கு வங்கத்துல பெட்ராபோல் பார்டர்ல ஒரு லாரி தாண்ட அப்போ 138 மணி நேரம், அதுல 28 மணி நேரம் இந்த லாரில இருந்து அந்த லாரிக்கு மூட்டை மாத்தறதுக்கே. எல்லாத்தையும் இறக்கி ஏத்தணும், ஏன்னா இந்த நாட்டு வண்டி அந்த நாட்டுக்குள்ள போகக்கூடாது.

நம்ம ஏரியா கதையே ஒண்ணு இருக்கு. பங்களாதேஷுக்கு விக்கிற அசோக் லேலண்ட் லாரிங்கள 1,500 கிலோமீட்டர் ரோட்டுலயே ஓட்டிட்டு போய் பார்டர்ல நிறுத்தி காத்துக் கெடப்பாங்க. 2015ல ரெண்டு நாட்டுக்கும் கடலோர கப்பல் ஒப்பந்தம் வந்துச்சு, 2017 அக்டோபர்ல 185 லாரிய சென்னை ஹார்பர்ல அப்படியே கப்பலுக்குள்ள ஓட்டி ஏத்தி பங்களாதேஷ்ல இருக்கற மோங்லா போர்ட்டுக்கு அனுப்புனாங்க. ரெண்டு மூணு வாரம் மிச்சம். வரில ஒரு பைசா குறையல, வழி மட்டும் தான் மாறுச்சு. தம்புசெட்டி சார் சொன்னது தான் இது, ஆனா தலைகீழா.

திருப்பூர் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். துணி எங்கேர்ந்து வந்துச்சுன்ற உங்க கோவம் நியாயமானது, அத இலங்கை விஷயத்துல ஏற்கனவே அனுபவிச்சாச்சு. அப்போ இந்தியால பாமாயிலுக்கு வரி ரொம்ப அதிகமா இருந்துச்சு, இலங்கைல கம்மி. உடனே இங்கேர்ந்தே ஆளுங்க போய் அங்க வனஸ்பதி ஃபேக்டரி போட்டாங்க, பாமாயில வரவழைச்சு, கெட்டியாக்கி, ஜீரோ டூட்டில இங்க அனுப்புனாங்க. செம்புலயும் இதே வேலை. இலங்கை ஏற்றுமதி ஜிவ்வுன்னு ஏறுச்சு, ஒப்பந்தம் சூப்பர் ஹிட்டுன்னு பேசுனாங்க. அப்புறம் இந்தியா கட்டுப்பாடு போட்டுச்சு, ஃபேக்டரிங்க மூடிருச்சு, அந்த கிராஃப் பொத்துன்னு விழுந்துச்சு. அதனால ஏற்றுமதி ஏறுச்சான்னு மட்டும் பாக்காதீங்கன்னு பசங்ககிட்ட சொல்லுவேன். எக்ஸாம்ல அதையும் மனப்பாடம் பண்ணி எழுதிடறாங்க, அது தனி சோகம்.

எண்ணூர்_பொண்ணு:

எல்லாம் சரி டீச்சர், அந்த கன்டெய்னர் எங்க தெரு வழியா தான போகுது, அத யாரும் பேசலயே. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் கியூ நின்னா ஸ்கூல் ஆட்டோ நகராது, என் தம்பி அதுக்குள்ள புகுந்து புகுந்து பைக் ஓட்டி ஒரு தடவ கைய ஒடச்சிகிட்டான். டிரைவர் அண்ணனுங்களும் பாவம், கேபின்லயே சமைச்சு சாப்ட்டு ரெண்டு நாள் நிக்கறாங்க, பாத்ரூம் கூட கிடையாது. தொறந்து விட்டா இந்த கியூ ரெண்டு மடங்காகும்.

பூடான்ல பாருங்க, 2015ல இந்தியா, நேபாளம், பங்களாதேஷோட சேந்து வண்டிங்க தடையில்லாம போக ஒப்பந்தம் போட்டாங்க. அவங்க மேல்சபை வேணாம்னு தள்ளிருச்சு, வெளிநாட்டு லாரி இவ்ளோ வந்தா எங்க மலையும் காத்தும் தாங்காதுன்னு. பூடானுக்கு மேல்சபை இருக்கு. திருவொத்தியூருக்கு யாரு இருக்கா?

தம்புசெட்டி_தெரு_ஆளு:

தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு. அதுலயும் ஒண்ணு பாருங்க, அந்த கியூல நிக்கற பெட்டில நெறைய நேரா போற நாட்டுக்கு போகல, கொழும்புலயோ சிங்கப்பூர்லயோ இறங்கி பெரிய கப்பலுக்கு மாறும். நம்ம நாட்டு டிரான்ஷிப்மென்ட் பெட்டில முக்கா பங்கு வெளிநாட்டு போர்ட்ல தான் கைமாறுதுன்னு கவர்ன்மென்ட்டே சொல்லியிருக்கு, அதுல கொழும்புல மட்டும் 45 சதவீதம். கேரளாவுல விழிஞ்ஞம் போர்ட்ட 2025 மே மாசம் தொறந்ததே இத இழுக்க தான். அதனால கொழும்போட நாம சேரலன்னு யாரும் சொல்லாதீங்க, பெட்டிங்க எப்பவோ சேந்தாச்சு.

கடைக்கார அண்ணே, உங்க விஷயத்துக்கு வரேன். கல்கத்தா பார்ட்டி பீஸுக்கு எவ்ளோ ஏத்துனாருன்னு எழுதலயே. ஒரு கன்டெய்னர்ல எத்தன ஆயிரம் சட்டை ஏறும்னு யோசிங்க, கப்பல் வாடகைய பிரிச்சா பீஸுக்கு அவ்ளோ வராது. லேட்டாகுதே, அந்த வட்டி தான் நெசமான செலவு. பழைய ஸ்டாக்க புது ரேட்ல தள்றாங்களான்னு பாருங்க, சரக்கு இறங்கறப்ப கஸ்டம்ஸ்ல குடுக்கற பில் ஆஃப் என்ட்ரி காப்பில தேதிய பாத்தா தெரிஞ்சிரும். இன்னொண்ணு, 2026 நவம்பர்ல பங்களாதேஷ் பின்தங்கின நாடு லிஸ்ட்ட விட்டு வெளிய வரணும்னு ஐ.நா. தேதி குறிச்சிருக்கு. அப்படி வந்துட்டா அந்த ஜீரோ சலுகைக்கே அடிப்படை போயிரும், அதனால இந்த சரக்க நம்பி பெரிய அட்வான்ஸ் எதுவும் குடுத்து வெக்காதீங்க.

ரெண்டு_ஷட்டர்_கடை:

அண்ணே, பீஸுக்கு 38 ரூபா ஏத்துனாரு. நீங்க சொன்னத பாத்துட்டு நேத்து போன் போட்டு பில் ஆஃப் என்ட்ரி காப்பி கேட்டேன், மனுஷன் ரெண்டு செகண்ட் பேசல. அப்புறம் சீசன்ல பேப்பர்லாம் கேக்கறீங்களே தாதா, சரக்கு வேணுமா வேணாமான்னாரு. நாலு மணிக்கு அவரே திருப்பி கூப்ட்டு 22 ரூபா குறைச்சாரு.

ஜீன்ஸ் மட்டும் நாப்பது டஜன் சொல்லியிருக்கேன், அட்வான்ஸ் குடுக்கல. பங்காளி, பசங்க டீசர்ட்டு 18ல இருந்து 32 சைஸ் வரைக்கும் ரேட்டு இன்பாக்ஸ்ல போடுங்க, ஓடாம நின்ன அந்த 21 மிஷின்ல ரெண்டாவது என்னால ஓடட்டும்.